புது ஹெட்டா இருந்தாலும் பாத்துட்டு மாட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, வேனுக்கு எஞ்சின் வேலை பாத்து ரெண்டு மாசம்கூட ஆகல, அதே வேலைய திரும்பவும் செய்ய வேண்டியதா போச்சு, மெக்கானிக்னாலே ஏமாத்துறவங்கதான்னு. படிச்சதும் மனசுக்கு கஷ்டமா போச்சு. அவரோட கோவம் நியாயம்தான், காசு விட்டவருக்குத்தான் வலி தெரியும். ஆனா அதே கடிதத்துல நடுவுல ஒரு வரி இருந்துச்சு, "ஹெட்கூட புதுசாத்தான் வாங்கிக் குடுத்தேன்"னு. எனக்கு அந்த வரியில கண்ணு நின்னுருச்சு. ஹெட்னா சிலிண்டர் ஹெட், எஞ்சின் மேல மூடி மாதிரி உக்காரும், வால்வு எல்லாம் அதுலதான் இருக்கும். அத பத்திதான் இத எழுதறேன். நான் திண்டுக்கல் பக்கம் 22 வருஷமா எஞ்சின் வேலை பாக்கறவன்.

வெளி மார்க்கெட்ல வர்ற புது சிலிண்டர் ஹெட்ட டப்பாவ பிரிச்சு அப்படியே தூக்கி எஞ்சின் மேல வெச்சு போல்ட்டு முறுக்குறது இப்ப எல்லா இடத்துலயும் சாதாரணமா நடக்குது. நானும் அப்படி செஞ்சிருக்கேன். அதோட பலன நான் பாத்துட்டேன், அதனாலதான் சொல்றேன்.

எங்க ஊர்ல ஒரு அண்ணன், அவரும் அவர் சம்சாரமும் ஆம்னி வேன் வெச்சு காய்கறி யாவாரம் பண்றாங்க. விடியக்காலைல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல சரக்கு எடுத்து மதியத்துக்குள்ள தெருத்தெருவா வித்து முடிப்பாங்க. ஆம்னி 1984ல வந்த வண்டி, 2019லயே கம்பெனி தயாரிக்கறத நிறுத்திட்டாங்க, இருந்தாலும் கிராமம் கிராமமா இன்னும் எத்தனையோ குடும்பம் அத நம்பித்தான் சாப்பிடுது. அதுல இருக்கறது 796 சிசி மூணு சிலிண்டர் எஞ்சின், பிஸ்டன் ஓடற கீழ் பாகமான பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டுல இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால தண்ணி இல்லாம கொஞ்ச நேரம் ஓட்டினாலே முதல்ல வளையறது ஹெட்தான். அவங்க வண்டியில ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சது தெரியாம ஓட்டி ஹெட் வளைஞ்சதோட நடு சிலிண்டர்ல ரெண்டு வால்வு சீட்டுக்கும் (வால்வு மூடி உக்கார்ற வளையம்) நடுவுல விரிசலும் விழுந்துருச்சு. பழசு இனி ஆகாதுன்னு சொல்லி ஒரு கடையில வால்வு ஸ்பிரிங் எல்லாம் போட்டு ரெடியா வர்ற புது ஹெட் வாங்கி வரச் சொன்னேன். அன்னைக்கு வேலை நெருக்கடி, அவங்களுக்கும் மறுநாள் யாவாரத்துக்கு போகணும், புதுசுதானேன்னு நடுவுல கசிவ அடைக்கிற கேஸ்கட் வெச்சு மாட்டி சாயங்காலமே அனுப்பிட்டேன்.

நானூறு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, வண்டிய கட்டி இழுத்துட்டு வந்தாங்க. காலைல ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை, ரேடியேட்டர்ல தினமும் தண்ணி குறையுது, நடு சிலிண்டர்ல கம்ப்ரஷன், அதாவது காத்து அழுத்தம், இல்ல. ஹெட்ட கழட்டிப் பாத்தா ஓரத்துல இருக்கற ரெண்டு பிஸ்டன் மேலயும் கரி படிஞ்சிருக்கு, நடு பிஸ்டன் மட்டும் கழுவி கவுத்து வெச்ச பாத்திரம் மாதிரி பளிச்சுன்னு இருக்கு. தண்ணி உள்ள எறங்கி ஆவியாகி அந்த பிஸ்டனையே கழுவி விட்டுருக்கு. மதுரைல ஒரு பட்டறைக்கு கொண்டுபோய் ஹெட்டோட தண்ணி வழியெல்லாம் தகடு வெச்சு அடைச்சு காத்து ஏத்தி சுடு தண்ணித் தொட்டியில முக்கினோம். கொஞ்ச நேரத்துல நடு சேம்பர், அதாவது ஹெட்ல எரிபொருள் எரியற குழி, அதோட சுவத்துல இருந்து பொடிப்பொடியா முத்து கோத்த மாதிரி குமிழி வர ஆரம்பிச்சுது. அலுமினியத்த உருக்கி ஊத்தும்போது உள்ள சிக்கின காத்து போட்ட ஓட்டை, குண்டூசி முனை அளவுதான் இருக்கும். அதுவும் போதாதுன்னு அதே சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு ஒரு பக்கமா சாஞ்சு வெட்டியிருந்தாங்க, சீட்டும், வால்வு தண்டு ஏறி எறங்கற குழாயான கைடும் ஒரே மையத்துல இல்ல.

அந்த அக்கா எங்கிட்ட சண்டை போடல. ஹெட்ட கையில எடுத்து திருப்பித் திருப்பி பாத்துட்டு, "தம்பி, புதுசுதானப்பா வாங்கிப் போட்டோம்?"னு மட்டும் கேட்டாங்க. எங்கிட்ட அதுக்கு பதில் இல்ல. கடையில போய் கேட்டா மாட்டின பொருள திரும்ப எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது ஹெட்டுக்கும் கேஸ்கட்டுக்கும் நான்தான் காசு போட்டேன். அந்த அண்ணன் பத்து நாள் யாவாரம் இல்லாம இருந்தாரு, அத என்னால திருப்பிக் குடுக்க முடியல.

அன்னைல இருந்து எந்த ஹெட் வந்தாலும் சரி, கம்பெனி சாமானா இருந்தாலும் லோக்கலா இருந்தாலும், அரை நாள் மேஜை மேல வெச்சு பாக்காம எஞ்சின் பக்கம் கொண்டு போறதில்ல. என்ன பாக்கறேன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன், வண்டி வெச்சிருக்கறவங்களும் தெரிஞ்சுக்கிட்டா மெக்கானிக்க கேக்கலாம் இல்லையா.

முதல்ல பழைய ஹெட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாப்பேன். உயரம், காத்தும் புகையும் போற வழியான போர்ட் எங்க இருக்கு, சேம்பர் எவ்வளவு ஆழம், போல்ட்டு ஓட்டை எல்லாம் ஒண்ணா இருக்கான்னு. அப்புறம் புது கேஸ்கட்ட ஹெட் மேல வெச்சா தண்ணி ஓட்டையும் ஆயில் ஓட்டையும் கேஸ்கட்டோட நேரா வரணும், பாதி மறைஞ்சு நின்னா அதுவே பின்னால சூடேற காரணம் ஆகும். பழைய ஹெட்ட எடைக்குப் போட அவசரப்படாதீங்க, புதுசு மாட்டி வண்டி நல்லா ஓடற வரைக்கும் அதுதான் நமக்கு அளவு.

அடுத்தது சமதளம். ஸ்ட்ரெயிட் எட்ஜ்ங்கற நேரான பட்டைய ஹெட் முகத்துல நீளவாக்குல, குறுக்கால, ரெண்டு மூலைவிட்டத்துலயும் வெச்சு கீழ ஃபீலர் கேஜ்ங்கற மெல்லிசான அளவுத் தகடு நுழையுதான்னு பாக்கணும். இந்த எஞ்சினுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் லிமிட்டு, நம்ம தலைமுடி தடிமன்கூட அதவிட ஜாஸ்தியா இருக்கும். இஸ்திரி போட்ட துணி மாதிரி கண்ணுக்கு பளபளன்னு தெரியும், பட்டைய வெச்சாத்தான் வெளிச்சம் கசியறது தெரியும். காத்து உள்ள வர்ற இன்டேக், புகை வெளிய போற எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு குழாய் உக்கார்ற முகத்தையும் இதே மாதிரி பாக்கணும், நிறைய பேர் அத விட்டுடுவாங்க. புது ஹெட்டே வளைஞ்சு வந்தா லேத்துல ஃபேஸிங் போட்டு சரி பண்ணிக்கலாம்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அது சம்மதம் இல்ல. கொஞ்சம் எடுத்தா சரி, ஜாஸ்தி எடுத்தா கம்ப்ரஷன் ஏறிடும், வால்வு திறந்து மூடற டைமிங்கும் லேசா நகரும், காசு குடுத்து வாங்கின புதுப் பொருள நாம எதுக்கு செதுக்கணும், திருப்பிக் குடுங்க.

வால்வுக்கு சுலபமான டெஸ்ட் இருக்கு. ஹெட்ட மல்லாத்தி மட்டமா வெச்சு, ஸ்பார்க் பிளக்க மாட்டி, வால்வு எல்லாம் மூடின நிலையில ஒவ்வொரு சேம்பர்லயும் மண்ணெண்ணெய் ஊத்தி பத்து நிமிஷம் விடுங்க. போர்ட் வழியா விரல விட்டு தடவிப் பாத்தா ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் இருந்தா வால்வ கழட்டி சீட்டுல புளூங்கற நீல மை தடவி வால்வ மெதுவா வெச்சு எடுங்க, சுத்தி ஒரே அகலமா கோடு விழணும், ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் அறுந்து தெரிஞ்சா சீட்டு கோணல். லேப்பிங் பேஸ்ட்ங்கற தேய்க்கிற பசை போட்டு தேய்ச்சு சமாளிக்கிற அளவா, இல்ல வெட்டறதே தப்பான்னு அங்கயே தெரிஞ்சுரும். வால்வ பாதி தூக்கிட்டு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, கைடுல கடகடன்னு ஆடினா நாளைக்கு ஆயில் குடிக்கும். ஸ்பிரிங்கு எல்லாம் ஒரே உயரமா, ஸ்பிரிங்க வால்வோட புடிச்சு வெக்கிற வால்வு லாக் ரெண்டு பக்கமும் சரியா உக்காந்திருக்கா, ஆயில் சீல் இருக்கா. சீலே போடாம வந்த ஹெட்ட நான் பாத்திருக்கேன்.

எல்லாத்தையும் விட எனக்கு பயம் குப்பைதான். ஹெட்டுக்குள்ள தண்ணி வழி வர்றதுக்காக வார்க்கும்போது உள்ள மணல் அச்சு வெப்பாங்க, அந்த மணல முழுசா எடுக்காம அனுப்பிடறாங்க. நான் மேஜை மேல பழைய நியூஸ்பேப்பர விரிச்சு ஹெட்ட கவுத்து மரச்சுத்தியலால சுத்திச் சுத்தி தட்டுவேன். போன மாசம் ஒரு ஹெட்ல இருந்து தட்டத் தட்ட ஒரு டீஸ்பூன் மணல் கொட்டுச்சு. ஆயில் ஓட்டையில காத்து அடிச்சப்போ ஜரிகை நூல் மாதிரி சுருண்ட அலுமினியப் பிசிறு ஒண்ணு வந்து விழுந்துச்சு. இந்த எஞ்சின்ல வால்வ திறந்து மூட வெக்கிற கேம் ஷாஃப்ட் சுத்தறதுக்கு தனியா பேரிங் கிடையாது, ஹெட்டோட அலுமினியத்துலயே குடைஞ்ச ஓட்டையில ஆயிலை நம்பித்தான் சுத்துது. அந்தப் பிசிறு போய் ஆயில் வழிய அடைச்சிருந்தா கேம் ஷாஃப்ட் புடிச்சுக்கிட்டு புது ஹெட் அன்னைக்கே குப்பை. அதனால ஆயில் வழி ஒவ்வொண்ணுலயும் கம்பி பிரஷ் விட்டு, மண்ணெண்ணெயில கழுவி, அப்புறம் சுடு தண்ணியும் சோப்பும் போட்டு கழுவி, காத்தடிச்சு காய வெக்கணும். கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் தடவி உள்ள விட்டு கையால சுத்திப் பாக்கணும், எந்த இடத்துலயும் இறுகக் கூடாது.

மரை விஷயம் சின்னதுதான். ஸ்பார்க் பிளக்க விரலாலயே கடைசி வரைக்கும் திருகிப் பாருங்க, நடுவுல நின்னா ஸ்பேனர் போடாதீங்க. மானிஃபோல்டு ஸ்டட்டும் அப்படித்தான். இன்னொண்ணு, கீழ பிளாக்ல இருக்கற போல்ட்டு குழிக்குள்ள தண்ணியோ ஆயிலோ நிக்குதான்னு பாத்து காத்தடிச்சு எடுத்துருங்க, அது உள்ள இருக்கும்போது போல்ட்ட முறுக்கினா போக வழி இல்லாம பிளாக்கையே வெடிக்க வெச்சுரும். முறுக்கும்போது நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் வெளிய வெளிய, மூணு தவணையா, முறுக்கு அளவு காட்டற டார்க் ரெஞ்ச்ல. கை கணக்கு வேண்டாம்.

மதுரைல செஞ்ச மாதிரி காத்து ஏத்தி தண்ணியில முக்கிப் பாக்கற பிரஷர் டெஸ்ட்டுக்கு வெளிய குடுத்தா கொஞ்சம் காசு ஆகும், ஒரு நாள் போகும். ஆனா அந்த குண்டூசி ஓட்டைய கண்ணு கண்டுபுடிக்காது. விரிசல் சந்தேகம் இருந்தா சிவப்பு சாயம் தெளிச்சு தொடைச்சுட்டு மேல வெள்ளைப் பவுடர் ஸ்பிரே அடிப்பாங்க, விரிசல் இருந்தா சிவப்பா கோடு எழும்பும். ஆனா அது மேற்பரப்புல இருக்கறத மட்டும்தான் காட்டும், உள்ள தண்ணி வழியில இருக்கறதுக்கு காத்து டெஸ்ட்டுதான்.

இப்ப வண்டிக்காரங்ககிட்ட ஒரு கோரிக்கை. இந்த வேலைக்கெல்லாம் அரை நாளோ ஒரு நாளோ ஆகும். "புதுசுதானே, என்ன பாக்கறீங்க, சாயங்காலம் வண்டி வேணும்"னு நீங்க நின்னா நாங்களும் மனுசங்கதான், விட்டுடறோம். பாத்து மாட்டறதுக்கு தனியா கூலி கேட்டா குடுங்க, நாங்க சும்மா கேக்கல. மெக்கானிக் தம்பிகளும் காச வாங்கிட்டு பாக்காம மாட்டாதீங்க, வீட்டுக்காரங்கள பக்கத்துல நிக்க வெச்சு அந்த மணல கொட்டிக் காட்டுங்க, அவங்களே அடுத்த தடவ கேப்பாங்க.

ஸ்பேர்ஸ் கடைக்காரங்க மாட்டாத ஹெட்ட ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுத்தா எடுத்துக்கறோம்னு பில்லுலயே எழுதிக் குடுக்கணும். பாத்தாத்தான் கோளாறு தெரியும், பாக்கறதுக்கு நேரம் குடுக்காம "மாட்டினா ரிட்டர்ன் இல்ல"ன்னா என்ன நியாயம்? வாங்கறவங்க ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்கவே வாங்காதீங்க, டப்பாவையும் தூக்கிப் போடாதீங்க. 2019ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல குறையுள்ள பொருளுக்கு தயாரிச்சவர், வித்தவர் ரெண்டு பேரையுமே கேக்க வழி இருக்கு. வியாபாரத்துக்கு வாங்கினா நுகர்வோர் ஆக முடியாதுன்னு சில பேர் பயமுறுத்துவாங்க, ஆனா சுயதொழிலா தன் பொழப்புக்காக மட்டும் வாங்கினவங்களுக்கு அந்தச் சட்டமே விலக்கு குடுத்திருக்கு. அந்த காய்கறி அண்ணன் மாதிரி ஆளுங்களுக்காகத்தான் அது. 1915ங்கற நம்பர்ல கூப்பிட்டு புகார் சொல்லலாம். எனக்கு இது அன்னைக்கு தெரியாது, கையில பில்லும் இல்ல, துண்டு சீட்டுதான் இருந்துச்சு.

கடிதம் எழுதின அந்த வாசகர் இத படிச்சா, அவர் கழட்டின ஹெட்ட இன்னும் வெச்சிருந்தாருன்னா தூக்கிப் போட வேண்டாம்னு சொல்லுங்க. பக்கத்துல எங்கயாவது எஞ்சின் ரீபோர் பட்டறையில காத்து ஏத்தி தண்ணியில முக்கிப் பாக்கச் சொல்லுங்க. தப்பு மெக்கானிக் கையிலயா இல்ல அந்த ஹெட்லயான்னு அதுல முக்கால்வாசி தெரிஞ்சுரும். திண்டுக்கல் பக்கம் இருக்கறவரா இருந்தா எங்க பட்டறைக்கே கொண்டு வரட்டும், ஹெட் முகத்தோட சமதளத்தையும் வால்வையும் நான் பாத்துத் தர்றேன், அதுக்கு காசு வேண்டாம்.

இப்படிக்கு,
எஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.