இப்போதைக்கு மலைக்குப் போகாதீர்கள், பெரியம்மா

பெரியம்மா,

கால் வலி குறைந்துவிட்டது, திங்கட்கிழமை வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்க மலை ஏறப்போகிறேன் என்று சொன்னீர்களாம். தம்பி சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. தயவுசெய்து இப்போது போகாதீர்கள்.

கண்டியில் டொக்டர் சொன்னது இடுப்புக்குள் இருக்கும் நரம்புப் பின்னலில் அழற்சி என்று. முதுகுத்தண்டிலிருந்து வருகிற நரம்புகள் அங்கே ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்துதான் காலுக்கு இறங்குகின்றன, அந்த நரம்புகளுக்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கிவிடுகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, அதிலும் 50 வயது தாண்டியவர்களுக்குத்தான் இது கூடுதலாக வரும். சீனி கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கும் வரும். ஆகவே சாயத்தண்ணிக்குப் போட்ட சீனியால்தான் கால் போனது என்று லயத்தில் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதில் முதலில் வருவது வலி, அப்புறம்தான் பலவீனம். வலி தணிகிற நேரத்தில் தொடை வற்றிப்போயிருக்கும். கதிரையிலிருந்து எழும்ப நீங்கள் இரண்டு கையாலும் தொடையை அழுத்தியதைப் பார்த்தேன், படியில் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் சட்டென்று மடங்கியது. தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலை மடங்காமல் பிடித்திருக்கிறது, அது இன்னும் தேறவில்லை. மழையில் சறுக்குகிற பாதையில், கூடை நிறையக் கொழுந்தோடு வரும்போது அப்படி மடங்கினால்?

பேர் விழாவிட்டால், அன்றைய சம்பளம் இல்லாவிட்டால், வீடு எப்படி ஓடும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் நரம்பு வளர்வதே நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான். தேற மாதக்கணக்காகும், சிலருக்கு ஒன்றிரண்டு வருஷம்கூட. கொஞ்சம் பலவீனம் தங்கவும் கூடும், என்றாலும் பெரும்பாலானவர்களுக்குக் கால் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. பிசியோதெரபியில் சொல்லித்தந்த பயிற்சியை மட்டும் விடாதீர்கள். மரத்த இடத்தில் சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

மற்றக் காலிலும் வலி தொடங்கினால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, இரவென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது வேறு ஆபத்து.

கங்காணியிடம் நான் பேசுகிறேன். அடுத்த கிளினிக்குக்கு நானும் வருகிறேன், கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கள்.