அலமாரி மேலிருந்து இறங்கிய மாண்டலின்

எனிஸ், அயர்லாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள கதிர்,

போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உன் மாண்டலினை அலமாரி மேலிருந்து இறக்கி வாசிக்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டில் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். முதல் வாரம் மாடியிலிருந்து இறங்கி வந்து, “ஹீட்டர்ல ஏதோ சத்தம் வருது, ஆளைக் கூப்பிடணுமா?” என்று கேட்டார். அதோடு சரி, வேறு விமர்சனம் இல்லை.

பெட்டியைத் திறந்தபோது தந்தியெல்லாம் துருவேறிக் கிடந்தது. உள்ளே தந்தி மீட்டுகிற பிக் இரண்டு, ஒரு மிட்டாய்க் காகிதம், உன் கையெழுத்தில் பாதி எழுதிய ஒரு தாள். அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். புதுத் தந்தி வாங்கி மாட்டினேன். எட்டுத் தந்தி, நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் இம்மி பிசகாமல் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒன்றை முறுக்கி ஏற்றினால் அடுத்தது இறங்கிவிடுகிறது. ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க அதற்கே போயிற்று. அதிலும் மெல்லிய ‘இ’ தந்தி ஒன்று டப்பென்று அறுந்து புறங்கையில் கோடு போட்டுவிட்டது. மறுநாள் வார்டில் “பூனை பிறாண்டிடுச்சா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மாண்டலின் என்றால் எனக்கு ஸ்ரீனிவாஸ்தான். அவரும் 1969இல் பிறந்தவர், என் வயது. ஹாஸ்டலில் அவர் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவருடையது மின்சார மாண்டலின், ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி. விரலை இழுத்துக் கமகம் கொண்டுவருவார். உன்னுடையதில் அந்த ஆசையே கூடாது. மீட்டிய உடனே சுரம் செத்துவிடுகிறது. அது சாவதற்குள் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். இங்கே மாண்டலின் பிடில் வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி. பிறந்த வீடு இத்தாலி, ஆனால் சுருதி அப்படியே பிடிலின் சுருதி: ஜி, டி, ஏ, இ. அதனால் இந்த ஊர்ப் பிடில்காரர்கள் வாசிக்கிற எந்த மெட்டும் விரலுக்கு அடியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் எதை எடுத்தேன் தெரியுமா? ஏழு வயதில் நீ பள்ளியிலிருந்து டின் விசிலைக் கொண்டுவந்து அடுக்களையில் நின்று ஊதினாயே, ‘தி ரேக்ஸ் ஆஃப் மாலோ’. நான் தோசையைத் திருப்பிக்கொண்டே கூடவே ‘வந்தே மீனாட்சி’ என்று பாடினேன். நீ விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “எங்க டீச்சர் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?” என்றாய். “எங்க டீச்சர் பாட்டு உங்க டீச்சருக்கு எப்படிடா தெரியும்?” என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம், அதோடு விட்டுவிட்டோம்.

அதன் கதை இதுதான். முத்துஸ்வாமி தீட்சிதர் இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றில் சமஸ்கிருத சாகித்யம் உட்கார்த்தினார். சுமார் 40 இருக்கும். நோட்டுஸ்வரம் என்று மாயவரத்தில் எங்கள் பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவைதான். கம்பெனிப் பட்டாளத்தில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளம். மாலோ இங்கேதான், கார்க் கவுண்டியில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஊற்று நீருக்குப் பேர்போன ஊர். நீர் குடிக்க வந்து வேறெல்லாம் குடித்துக் கும்மாளம் போட்ட பணக்கார இளவட்டங்களைப் பற்றிய பாட்டு அது. மாலோ ஊர் ஊதாரிகளின் மெட்டில் மதுரை மீனாட்சி! அவள் கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

ஆரம்பம் வெறும் ச க ச க. மோதிர விரல் டி தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை), ஆள்காட்டி விரல் ஏ தந்தியில் இரண்டாம் ஃப்ரெட். அடுத்து நி ரி நி ரி: நடுவிரல் நாலாம் ஃப்ரெட்டில், ஏ தந்தி சும்மா. இரண்டு வாரத்தில் விரல்நுனி காய்ப்புக் காய்த்துவிட்டது. வாய் சாகித்யம் பாடுகிறது, கை போல்கா என்கிற நடன மெட்டை வாசிக்கிறது. வயிற்றுக்குள் ஏதோ செய்தது, கதிர். நம் ஊரிலிருந்து நான் மூட்டை கட்டிக் கொண்டுவந்த பொருள் என்று நினைத்தது இந்த ஊர்ச் சரக்கு.

போல்கா வந்துவிட்டது என்ற தெம்பில் ஜிக் என்ற இன்னொரு நடன மெட்டுப் பக்கம் போனேன். மாட்டிக்கொண்டேன். காதுக்கு அது சுலபம். தகிட தகிட, நமக்குத் தெரியாததா? சிக்கல் வலது கையில். என் கை கீழ், மேல், கீழ், மேல் என்று மாற்றி மாற்றித்தான் போகும். அப்படிப் போனால் இரண்டாவது ‘த’ மேல்நோக்கிய அடியில் விழுகிறது. மேலே போகிற அடிக்கு எப்போதும் பலம் குறைவு. அறுந்த செருப்போடு நடக்கிற மாதிரி மெட்டு நொண்டுகிறது. ஏன் என்று புரியாமல் மூன்று வாரம் அலைந்தேன். அப்புறம்தான் உன் தாளை ஒழுங்காகப் பார்த்தேன். சுரங்களுக்கு அடியில் பென்சிலால் குட்டிக் குட்டி அம்பு போட்டிருந்தாய்: கீழ் மேல் கீழ், கீழ் மேல் கீழ். ஒரு தகிட முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டு கீழடி அடுத்தடுத்து வருகிறது. சூட்சுமம் அங்கேதான். அதற்கும் கீழே, பன்னிரண்டு வயதுக் கையெழுத்தில், ‘ராஷர்ஸ் அண்ட் சாசேஜஸ், ராஷர்ஸ் அண்ட் சாசேஜஸ்’. இங்கே பிள்ளைகளுக்கு ஜிக் நடையை இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. பன்றி இறைச்சியும் தகிட தகிடதான்! குக்கர் விசில் வரும்வரை மேஜை விளிம்பில் பிக்கை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பழகினேன். கை புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

ரீல் என்ற நடன மெட்டு தகதிமி, அதற்குக் கை மாற்றி மாற்றிப் போனாலே போதும், வேகம்தான் பாடு. ஸ்லிப் ஜிக்குக்கு மூன்று தகிட. ‘மாரிசன்ஸ் ஜிக்’ கேட்டபோது எனக்குக் கரகரப்பிரியா என்று பட்டது. விரலை வைத்துப் பார்த்தேன், சுரங்கள் அதேதான், கமகம் மட்டும் கிடையாது. ஸ்லைகோக்காரர் ஜேம்ஸ் மாரிசன் அதை நியூயார்க்கில் 1930களில் இசைத்தட்டில் பிடில் வாசித்ததால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. நீளமான சுரம் வந்தால் பிடில்காரர் வில்லை இழுத்துக்கொண்டே விரலால் குழைக்கிறார். நமக்கு வில் இல்லையே, அதே சுரத்தை மணிக்கட்டால் மூன்று முறை படபடவென்று அடித்து நிரப்ப வேண்டும். அது இன்னும் எனக்குக் கடலை வறுக்கிற சத்தமாகத்தான் வருகிறது.

இனி சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயம். பதினாலு வயதில் நீ, பப்பில் எல்லோரும் கூடி உட்கார்ந்து வாசிக்கிற வியாழக்கிழமை செஷனில் போய் உட்கார வேண்டும் என்று கேட்டாய். பப்புக்குப் பிள்ளையை அனுப்புவதா என்று நான் குதித்தேன். கிரேடு பரீட்சைப் புத்தகத்தைத் திறந்து வைத்து, பக்கத்தைப் பார்த்து வாசி, தப்பில்லாமல் வாசி என்று உன் தலைமாட்டில் நின்றேன். இரண்டு வருஷத்தில் பெட்டி அலமாரி மேலே போய்விட்டது. உனக்கு ஆர்வம் விட்டுப்போயிற்று என்று ஊரெல்லாம் சொன்னேன்.

இப்போது நானே அந்தக் கூத்தை அனுபவித்துவிட்டேன். சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ’நீல் தொகுத்த புத்தகத்தை வாங்கினேன். கார்க் கவுண்டியில் 1848இல் பிறந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கப்பலேறிப் போன மனிதர். 1903இல் 1850 மெட்டுகளைப் புத்தகமாகப் போட்டார். வேடிக்கை என்னவென்றால் அவருக்கு நோட்டு எழுதத் தெரியாது. காதில் வைத்திருந்ததை அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓ’நீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் எழுதினார். நான் அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஒரு ஜிக்கைப் புள்ளி பிசகாமல் பழகிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை செஷனுக்குப் போனேன். ஆமாம், பப்புக்குத்தான். பக்கத்தில் கான்சர்டினா என்ற சின்னத் துருத்திப் பெட்டி வாசிக்கும் பாட்டியம்மா ஒருவர், எண்பது இருக்கும், கேட்டுவிட்டு இங்கிலீஷில் ஒன்று சொன்னார். தமிழில் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்: நல்லாத்தான் வாசிக்கிறே, ஆனா புத்தகம் வாசிக்கிறே. அடுத்த நாலு வாரம் கருவியைப் பெட்டியை விட்டு எடுக்காமல் டீயோடு உட்கார்ந்து கேட்கச் சொன்னார். கேட்டேன். எந்தச் சுரத்தில் சாய்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள், இரண்டாம் சுற்றில் எங்கே லேசாக மாற்றுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எதுவும் புத்தகத்தில் இல்லை. வியாழக்கிழமை நீ கேட்டது இதைத்தானே?

இரண்டு பிடில், ஒரு புல்லாங்குழல், ஒரு அக்கார்டியன் நடுவே மாண்டலின் வாசித்தால் ஒருவர் காதிலும் விழாது. எனக்கு அது பெரிய நிம்மதி. கேட்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒரு ஸ்தாயி கீழே அதே சுருதி வைத்த டெனார் பாஞ்சோவுக்குப் போய்விடுகிறார்கள், டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா போட்ட பாதை அது. தெரியாத மெட்டில் கை வைக்கக்கூடாது, அதுதான் அங்கே பெரிய மரியாதை. ஒரு பகுதி எட்டு அட்சரக் கட்டு, அதை இரண்டு முறை, அடுத்த பகுதியும் அப்படியே. ஆக ஒரு சுற்றுக்கு 32 கட்டு. மூன்று சுற்று வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு மெட்டுக்குத் தாவிவிடுவார்கள், நாம் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நிற்க வேண்டியதுதான்.

போன வாரம் என்னையே தொடங்கச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கையாகத் தெரிந்தது மாலோ மட்டும்தான். பள்ளிப் பிள்ளைகள் மெட்டு என்று ஒன்றிரண்டு பேர் சிரித்துக்கொண்டார்கள், ஆனாலும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று சுற்று முடிந்து எங்கே போவதென்று நான் விழித்தபோது குழல்காரர் வேறொரு போல்காவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றினார். முடிந்ததும் பாட்டியம்மா, வாய்க்குள் என்ன முணுமுணுத்தாய் என்று கேட்டார். எங்கள் ஊர் அம்மன் பாட்டு என்றேன். “சாமி பாட்டா? அப்போ இவ்வளவு வேகமா ஓட்டலாமா?” என்றார்.

சரி, உன் தாளுக்கு வருகிறேன். அதில் உள்ள ஜிக்குக்குப் பெயர் எழுதவில்லை. முதல் பகுதி மட்டும் இருக்கிறது, அதை முழுசாகப் பழகிவிட்டேன். இரண்டாம் பகுதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கால்பந்து படம் வரைந்து வைத்திருக்கிறாய். செஷனில் பாடிக் காட்டினால் இப்படித் தொடங்குகிற மெட்டு எத்தனையோ இருக்கிறது என்கிறார்கள். உன் காதில் அது இருக்கும். மெல்பர்னில் மாண்டலின் எங்கே தேடுவாய், இங்கே பெரியவர்கள் கருவி இல்லாதபோது வாயாலேயே டிடில் டிடில் என்று மெட்டைப் பாடுவார்களே, அப்படிப் பாடி போனில் அனுப்பு. எழுதி அனுப்பாதே. மெதுவாகப் பாடு, இரண்டு தடவை. உன் ராத்திரி டியூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு அனுப்பினால் போதும். நான் ஞாயிறு மத்தியானத்துக்குள் கேட்க வேண்டும்.

அப்பா விசாரித்தார். ஹீட்டர் நன்றாக இருக்கிறதாம்.

அன்புடன்,
அம்மா