போனைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்காருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளியில் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். பெற்றோர் கூட்டம் என்றால் இரண்டு குறைகள் தவறாமல் வரும். "எப்பப் பார்த்தாலும் போன்தான் டீச்சர்." "புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறான் டீச்சர்." நானும் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். போனுக்கு நேரம் வையுங்கள், தினமும் பத்து நிமிடம் படிக்கச் சொல்லுங்கள் என்று. என் வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பிறகு அப்படிப் பிரித்துப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மகளுக்கு எட்டு வயது. ஒருநாள் இரவு இருவரும் படுத்துக்கொண்டு கதை படித்துக்கொண்டிருந்தோம். வழி தவறிய ஆட்டுக்குட்டி ஒன்று, எதிரே வருகிற எல்லோரிடமும் தன் வீட்டு அடையாளத்தைச் சொல்லிச் சொல்லி வழி கேட்கிற கதை. பாதியில் நிறுத்தி, "அம்மா, கேம்ல ஒரு அக்கா நான் எந்த ஸ்கூல்னு கேட்டாங்க. சொல்லிட்டேன். சொல்லலாமா?" என்றாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த நிமிடமே போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டத்தான் தோன்றியது. பூட்டியிருந்தால் அடுத்த முறை அவள் வாயே திறந்திருக்க மாட்டாள். "நீ சொன்னது நல்லதாப் போச்சு, வா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்" என்று எழுந்தோம். அந்த 'அக்கா' உண்மையில் யார் என்று நமக்குத் தெரியாது, பெயரும் படமும் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று புரியும்படி சொன்னேன். நடந்த பேச்சை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்த ஆளைப் பிளாக் செய்து, புகார் கொடுத்து, விளையாட்டுக்குள் சாட் செய்கிற வசதியையே நிறுத்தினோம். ஒவ்வொரு பொத்தானையும் அவளே அழுத்தினாள். மறுநாள் அவளுடைய வகுப்பாசிரியரிடமும் சொல்லிவைத்தேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பள்ளி திறந்த முதல் நாள், சீருடையில் பேட்ஜ் பளிச்சென்று தெரிய அவளைப் படம் எடுத்து, இணையத்தில் போட்டு ஊருக்கெல்லாம் காட்டியது நான்தானே? பிள்ளைகளிடம் பெயர், பள்ளி, முகவரி சொல்லாதே என்கிறோம். நாம் போடுகிற படம் அத்தனையையும் சொல்லிவிடுகிறது. அந்தப் படங்களை அன்றே நீக்கிவிட்டேன்.

பிள்ளையின் பாதுகாப்புக்காகப் போனில் செய்ய வேண்டிய வேலைகள் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இன்ஸ்டாகிராம் போன்றவை 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்று அந்நிறுவனங்களே விதி வைத்திருக்கின்றன. யூடியூப் கிட்ஸ் செயலியில், பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் வரும்படி வைக்கலாம். அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள். போன் வீட்டில் எல்லோரும் நடமாடுகிற இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் எந்தப் பூட்டைப் போட்டாலும் எதாவது ஒன்று நுழைந்துவிடும். அப்போது பிள்ளை ஓடி வந்து நம்மிடம் சொல்ல வேண்டும். சொன்னால் போன் போய்விடும் என்று பயந்தால் எந்தப் பிள்ளை சொல்லும்?

என் மகள் சொன்னது கதை படிக்கும்போதுதான். முகத்துக்கு நேரே உட்காரவைத்து "இன்னைக்கு போன்ல என்ன பார்த்தே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். தோளோடு தோள் ஒட்டி, இருவர் கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது மனதில் இருப்பது தானாக வெளியே வருகிறது.

வாசிப்புக்கும் அப்படி உட்காருவது மிகவும் தேவை. 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லாக்கும் திறன் ஒன்று, பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். முதலாவதை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம். இரண்டாவது வீட்டுப் பேச்சிலும் கதையிலும்தான் வளரும். "அதான் சொந்தமா படிக்கத் தெரிஞ்சிடுச்சே" என்று கதை படித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் தாமே படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது அதிகம்.

பிள்ளை படிக்கும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும், லகரம் ளகரம் மாறும். உடனே திருத்தாமல் கொஞ்சம் பொறுங்கள். பாதி நேரம் அவர்களே திரும்பி வந்து சரிசெய்துகொள்வார்கள். அதே புத்தகத்தைப் பத்தாவது முறை கேட்டால் அதையே படியுங்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, தெரிந்த சொற்களை வேகமாகப் பிடிக்கிற பழக்கம்.

தமக்குப் படிக்கத் தெரியாது என்று தயங்குகிற பெற்றோர் உண்டு. பிள்ளை படிக்க, நீங்கள் கேளுங்கள். படத்தைக் காட்டி "இவன் ஏன் அழறான்?" என்று கேளுங்கள். புத்தகம் வாங்க வழியில்லாத வீடுகளுக்கு அதே போன் உதவும். சிறுவர் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளும் இருக்கின்றன. எளியதிலிருந்து கடினம் வரை நிலை பிரித்து, படங்களோடு, இலவசமாகப் படிக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறை, அரைப்பக்கம் போதும், பெரிய எழுத்தில் ஒரு சிறுகதை வெளியிடுங்கள். பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து சத்தமாகப் படிக்கிற அளவில் இருக்கட்டும். அவ்வப்போது இணையத்தில் பழகுவது பற்றிய கதையாகவும் இருக்கலாம். வெளியான மறுநாளே எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்