அப்பாவுக்கு மூளை குழம்பவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது, நல்ல விஷயம். ஆனால் கை கால் இழுத்துக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. பேச்சு என்ன ஆகிறது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

போன வருஷம் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் சீக்கிரமே சரியாகிவிட்டது, பேச்சுதான் பிடிபடாமல் போனது. நாம் சொல்வது புரிகிறது, அவராகவும் பேசுகிறார், ஆனால் ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் வராது. ‘கத்திரிக்காய் சொல்லுங்கப்பா’ என்றால் ‘கத்தி... கரித்தி... கத்ரிகா...’ என்று நாலைந்து தரம் முட்டிமோதி, தப்பு என்று தனக்கே தெரிந்து தலையை ஆட்டுவார். ‘இன்றைக்கு வெயில் அதிகம்’ என்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, ‘ஆமா, ரொம்பச் சூடு’ என்றார். அர்த்தம் உள்ளே போய்விட்டது, சொல்தான் அப்படியே திரும்பி வரவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களோ அவர் காதுபடவே ‘மூளை குழம்பிடுச்சு’ என்றார்கள். அவருக்கு அதுவும் புரிந்தது.

அப்புறம் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்தான் விளக்கினார். பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கத்தில், முன்னால் பேச்சை உருவாக்கும் ப்ரோக்கா பகுதியும் காதுப் பக்கமாகப் பின்னால் கேட்டதைப் புரிந்துகொள்ளும் வெர்னிக்கி பகுதியும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வில்லாக வளைந்து ஓடும் நரம்பிழைக் கட்டுக்கு ஆர்க்குவேட் ஃபாசிகுலஸ் என்று பெயர். இழைகளின் மேல் கொழுப்புறை இருப்பதால் வெளுத்துத் தெரியும், அதனால்தான் வெண்பொருள் என்கிறார்கள். இப்படி ஒரு இணைப்பு அறுந்தால், புரிதல் இருந்தும் பேச்சில் சொற்கள் பிறழும் என்று ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கி 1874லேயே ஊகித்துவிட்டார். கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் சிக்கலாகும் என்று 1885ல் லுட்விக் லிக்ட்ஹைம் என்ற மருத்துவர் சேர்த்துச் சொன்னார். அந்த இணைப்பு இந்த வில்தான் என்று 1965ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் நார்மன் கெஷ்விண்ட் வலியுறுத்தினார். பக்கத்திலுள்ள மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, சேதமானாலும் இதே குறை வரும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, எனவே பழியை முழுக்க அந்த இழைகள்மேல் போட முடியாது.

என் ஆதங்கம் வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது காலுக்குப் பிசியோதெரபி எழுதித் தந்தார்கள், பேச்சுக்கும் பயிற்சி உண்டு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாலு மாதம் வீணாகப் போனது, அந்த நாலு மாதமும் நாங்கள் அவரிடம் காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்திக்கொண்டிருந்தோம்.

ஒரு பேச்சுப் பயிற்சியாளரை வைத்து அரைப் பக்கமாவது எழுத வையுங்கள். நோயாளி சொல்லைத் தேடும்போது வீட்டில் இருப்பவர்கள் எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எப்போது எடுத்துக் கொடுக்கலாம் என்பதையும் அதில் கேளுங்கள். எங்களுக்கு அது இன்னமும் சரியாகப் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருச்சி