அலாரம் அணைந்தால் எப்படி முழித்தாள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தினமும் வரும் ஆங்கிலச் சொல் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதினோரு வருடமாக வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன், ஏழாவது முதல் பத்தாவது வரை, பெரும்பாலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள். அந்தப் பெட்டியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் என்னிடமே நாலைந்து பேர் உண்டு, அதனால்தான் இவ்வளவு அக்கறை. பெட்டியில் வருவதெல்லாம் நீளநீளமான சொற்கள். எதிரே ஒரு தமிழ் அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் தடுக்கி விழுவது இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்களில்.

போன மாதம் நடந்தது. ஒன்பதாவது படிக்கும் பெண்ணிடம் ஒரு கதையைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். ஐந்து மணிக்கு 'தி அலாரம் வென்ட் ஆஃப்', அவள் முழித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள் என்று வரும். 'ஐந்து மணிக்கு அலாரம் அணைந்துவிட்டது' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், அப்புறம் கேட்டாள்: "மிஸ், அலாரம்தான் அணைஞ்சிருச்சே, அப்புறம் எப்படி அவ முழிச்சா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதற்கே அவளுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். லைட் 'வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது, அதையேதான் அலாரத்துக்கும் போட்டிருக்கிறாள், அதில் என்ன தப்பு? ஆனால் ஆங்கிலத்தில் அணைவதற்கும் அதே சொல், அலறுவதற்கும் அதே சொல். துப்பாக்கி 'வென்ட் ஆஃப்' என்றால் வெடித்தது, பால் 'வென்ட் ஆஃப்' என்றால் கெட்டுப்போனது. இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நான் தமிழிலிருந்து ஆரம்பித்தேன். "கரண்ட் போயிருச்சு, பஸ் போயிருச்சு, சாயம் போயிருச்சு, தலைவலி போயிருச்சு. எல்லாம் ஒரே 'போயிருச்சு'தானே, நீ என்னைக்காவது குழம்பியிருக்கியா?" என்று கேட்டதும் முகம் தெளிந்துவிட்டது. "மானம் போயிருச்சு, அதை விட்டுட்டீங்க மிஸ்" என்று அவளே ஒன்றைச் சேர்த்தாள்.

இந்தச் சின்னச் சொற்களின் ஆழத்தை அகராதிக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வந்தபோது அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான், 430 அர்த்தங்கள். அப்புறம் திருத்திய பதிப்புக்காக 'ரன்' என்ற வினைச்சொல்லை எடுத்து உட்கார்ந்தவர் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு ஒன்பது மாதம் ஆனது, தேறிய அர்த்தங்கள் 645. ஓடுவது அதில் ஒன்று. மூக்கு ஒழுகுவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, காய்ச்சல் அடிப்பது எல்லாம் 'ரன்'தான். நம் பிள்ளைகளின் நோட்டில் அதற்கு நேரே 'ஓடு' என்று மட்டும் இருக்கிறது.

தினமும் நூறு தடவை புழங்குகிற சொல்லுக்கு அர்த்தமும் பெருகிக்கொண்டே போகும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் ஸிஃப் என்பவர் 1945-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். நம் 'போடு'வை எடுத்துக்கொள்ளுங்கள்: டீ போடு, சட்டை போடு, கோலம் போடு, ஊசி போடு, ஓட்டுப் போடு, சண்டை போடு, ஆடு குட்டி போட்டது, வாசலில் கிடந்து தூக்கம் போட்டான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் கற்க வந்தால் 'போடு' என்பதற்கு எதிரே ஒரே ஒரு அர்த்தத்தை எழுதிக் கொடுத்து அனுப்புவோமா?

இங்கிலாந்தில் ஆக்டன் என்பவர் 1930-இல் 850 சொற்களே கொண்ட 'பேசிக் இங்கிலீஷ்' என்ற எளிய ஆங்கிலத்தை உருவாக்கினார். அந்த 850-இல் வினைச்சொற்கள் வெறும் 18. கெட், புட், டேக், கோ, கம், கிவ் என்று எல்லாம் பொடிப்பொடியானவை. பதினெட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்றால், பக்கத்தில் அப், ஆஃப், அவுட், இன் என்று ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். 'புட் ஆஃப்' என்றால் ஒத்திப்போடு, 'புட் அவுட்' என்றால் அணை, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். 'எக்ஸ்டிங்குவிஷ்', 'டாலரேட்' என்று பிள்ளைகள் கஷ்டப்பட்டு நெட்டுருப் போடுவதையெல்லாம் பேச்சு வழக்கில் ஒரு 'புட்'டை வைத்தே முடித்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. புட் தெரியும், அப் தெரியும், வித் தெரியும், மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 'பொறுத்துக்கொள்' எங்கிருந்து வருகிறது? யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். அதனால்தான் இதைப் பத்திரிகை செய்ய வேண்டும் என்கிறேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் டிப்ளமா முடித்துக் கோயம்புத்தூரில் இன்டர்வியூவுக்குப் போனான். உட்கார்ந்ததும், 'வேர் ஆர் யூ புட் அப்?' என்று கேட்டிருக்கிறார்கள். எங்கே தங்கியிருக்கிறாய் என்பதை நம் நாட்டில் இப்படிக் கேட்பது வழக்கம். தன்னை யாரோ எங்கேயோ தூக்கி வைத்ததாகத்தான் அவனுக்குப் பட்டிருக்கிறது, முழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு சின்னச் சொல் தெரியாததால் அதற்கப்புறம் தெரிந்த பதில்களும் வாயில் வரவில்லை என்று திரும்பி வந்து சொன்னபோது எனக்கு மனசு ஆறவே இல்லை, நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதுதானே அது.

ஆங்கிலமே தாய்மொழியாக இருப்பவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்களாம். அவர்கள் வழக்கில் அது உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்கர்கள் வழக்கில் ஒதுக்கி வைத்துவிடுவது. இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒன்றேதான் என்று புரிவதற்குள் பெரிய வாக்குவாதமே நடந்ததாகச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

நம் பிள்ளைகளுக்கு இந்தத் திறமை ஏற்கெனவே இருக்கிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தோட்டத்தில் பம்ப்செட், ஹோட்டலில் செட் தோசை, சினிமாவுக்குப் போட்ட செட், ஒரு செட் டிரெஸ், 'நாங்க எல்லாம் ஒரே செட்டு', 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது'. ஆங்கிலம் வராது என்று ஒதுங்கி நிற்கிற பிள்ளையே இத்தனையையும் தடுமாறாமல் பேசுகிறது. போன வாரம் திண்ணையில் இதை எழுதச் சொன்னேன், கால் மணி நேரத்தில் ஒன்பது செட் தேறியது. அதற்கு அப்புறம்தான் ஆங்கில அகராதியைப் பிரித்தோம், ஒருத்தரும் பயப்படவில்லை.

அதனால் ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். பெட்டியை நிறுத்த வேண்டாம், தினமும் ஒரு புதுச் சொல் என்பதை மட்டும் மாற்றுங்கள். வாரம் முழுக்க ஒரே சின்னச் சொல், திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் ஆறு வாக்கியம், பக்கத்தில் அதே இடத்தில் நம் வீட்டில் என்ன சொல்வோமோ அந்தத் தமிழ். எங்கள் திண்ணையில் சேர்த்த வாக்கியங்கள் 'கெட்', 'டேக்', 'புட்' மூன்றுக்கும் தயாராக இருக்கின்றன, இத்துடன் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். 'ஆஃப்' அந்தப் பெண்ணின் பொறுப்பு, அடுத்த வாரம் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
அருப்புக்கோட்டை.