கார்த்திகையில் வா

பாப்பா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் கேட்டோம். வேலையை விட்டுவிட்டு வந்து நம் மல்லித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்க ஓலை வீடு, ஊஞ்சல் என்று பட்டியல் வேறு. வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ பார்த்தது சித்திரைத் தோட்டம்மா.

சித்திரை வைகாசியில் யார் வந்து பார்த்தாலும் இந்தத் தொழில் மேல் ஆசை வரத்தான் செய்யும். செடி கொள்ளாமல் மொட்டு, முகூர்த்த நாளில் தஞ்சாவூர்ப் பூச்சந்தையில் கையைப் பிடித்து இழுக்கிற வியாபாரிகள். அதே பூ ஆடி பிறந்து கல்யாணங்கள் நின்றதும் பறிகூலிக்கே கட்டாமல் போகும். மார்கழியில் மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிறது என்று டிவியில் காட்டுவான், அப்போது பனியில் நம் செடியில் மொட்டே இருக்காது, இருந்தால் எதற்கு அந்த விலை! தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறே நிரம்பி வழியும்போது நம்மிடம் காட்டுவதற்குக் கவாத்தில் கிளையெல்லாம் வெட்டிய குச்சிதான் இருக்கும்.

வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு இங்கே வந்து சேரப் பத்து, பதினொரு மணி. மல்லி விடியுமுன்னே மொட்டாகப் பறித்துச் சந்தைக்குப் போயிருக்கும். 'பூவே இல்லையே சார்' என்பார்கள். அவர்களுக்காகத்தான் வேலியோரம் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் போட்டிருக்கிறேன், அது போட்டோவுக்கு. நிஜமாகவே ஆர்வம் உள்ளவர்களை விடிகாலை ஐந்து மணிக்கு வரச் சொல்கிறேன். ஒரே கொத்தில் இன்று மாலை விரியப்போகிற மொட்டு வெள்ளையாகப் பருத்திருக்கும், பக்கத்திலேயே பச்சை மாறாத மொட்டு நாளைக்கோ நாளை மறுநாளைக்கோ உள்ளது. பறிக்கிற அக்காக்கள் விரல் படும்போதே வெள்ளையை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு போவார்கள், வருகிற குழந்தைகள் இரண்டையும் சேர்த்து உருவிவிடும். அக்காக்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். நுழைவுக் கட்டணத்தில் அது கழிந்துவிடும், சரி. அப்புறம், இறங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது பூவை இல்லை, பாத்ரூம் எங்கே என்றுதான். ஓலை வீட்டுக்கு முன்னால் அதைக் கட்ட வேண்டும்.

ஓலை வீட்டையும் நீ சொல்கிற இடத்தில் கட்ட முடியாது. அது கொள்ளிடத்துப் படுகை, வெள்ளம் ஏறுகிற இடம். மேட்டூர் அணை நிரம்பினால் உபரித் தண்ணீரைத் திருச்சிப் பக்கம் முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துக்குத்தான் திருப்புவார்கள். 2018இல் அங்கே மதகுகள் உடைந்தபோது ஆறு எப்படி ஓடியது என்று உனக்கே தெரியும். ஆறு கொண்டுவந்து போட்ட அந்த மணல் கலந்த வண்டலால்தான் நமக்கு மல்லி வருகிறது, உள்ளே தள்ளிய களிமண்ணில் வேர் அழுகிவிடும்.

அதனால் ராஜினாமா எழுதுமுன் கார்த்திகைக் கடைசியில் லீவு போட்டுவிட்டு வா. மழை பெய்துகொண்டிருக்கும், பாத்திக்குப் பாத்தி தண்ணீரை வடித்துவிட வேண்டும், வெயில் கண்டதும் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையை உருவி, தொழு உரம் போட வேண்டும். பார்க்க ஒரு ஆளும் வரமாட்டார்கள், வருமானமும் இருக்காது. சம்பங்கியில் கிடைப்பது பறிகூலிக்குச் சரியாகப் போகும். அந்த வேலையை என்னோடு செய்துவிட்டு அதற்குப் பிறகும் இதே ஆசை இருந்தால் கணக்கு நோட்டை உன்னிடம் தந்துவிடுகிறேன், ஊஞ்சலை எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்.

அதுவரை ஆபீசில் ஒன்றும் வாயைத் திறக்காதே. அம்மாவும் அதையேதான் சொல்கிறாள்.

அப்பா