கோடீஸ்வர ஐயரின் விவாதி மேளங்கள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய பதிவைக் கேட்டேன். ஜோதிஸ்வரூபிணி ராகத்தில் ‘கானாமுத பானம்’ கிருதியை எடுத்திருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். ரிஷபம் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். உன் குரலில் குறையில்லை. ஜோதிஸ்வரூபிணியை மற்ற ராகங்களைப் போல ச ரி க ம என்று ஏறும் சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

இந்தக் கிருதியைச் செய்தவரைப் பற்றி முதலில் தெரிந்துகொள். கோடீஸ்வர ஐயர் (1870-1938) பாடலாசிரியர் கவிகுஞ்சர பாரதியின் பேரன். பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் கற்றவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். 72 மேளகர்த்தாவுக்கும், அதாவது ஏழு ஸ்வரமும் வரிசையாக வரும் 72 தாய் ராகங்களுக்கும், ஆளுக்கொரு கிருதி, அத்தனையும் தமிழில், அத்தனையும் முருகன் மேல். அதுதான் ‘கந்த கானாமுதம்’. ராகத்தின் பெயரும் சாகித்தியத்துக்குள்ளேயே வந்துவிடும். பாட்டில் அவர் வைக்கும் கையெழுத்தான முத்திரை ‘கவிகுஞ்சர தாசன்’.

இசை இலக்கணம் எழுதிய வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் 72 மேளத்தை வகுத்தபோது வழக்கில் இருந்தவை 19 தான் என்று அவரே சொல்கிறார். மகா வைத்தியநாத ஐயர் 72 மேளத்தையும் ஒரே ராகமாலிகையில் கோத்தார். ஆனால் ராகமாலிகையில் ஒரு மேளம் வந்து முகம் காட்டிவிட்டுப் போய்விடும். முழுக் கிருதி என்றால் பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் ராகம் தாங்க வேண்டும், சங்கதி விரிய இடம் வேண்டும். அதை முதல் மேளமான கனகாங்கியிலிருந்து கடைசி மேளமான ரசிகப்ரியா வரை தமிழில் செய்தார் ஐயர். தமிழ்ப் பாடல்களை மேடையேற்றிய தமிழிசைச் சங்கம் பிறந்தது 1943-ல். அதற்கு ஐந்து ஆண்டு முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னும் பத்து ஆண்டு இருந்திருந்தால் மேடையில் அவர் பெயர் இப்படி மங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

மங்கியதற்கு இன்னொரு காரணம் விவாதி பயம். விவாதி என்றால் ஒன்றோடொன்று மோதும் ஸ்வர ஜோடி. 72-ல் 40 மேளம் விவாதி. சுத்த ரிஷபத்தோடு சுத்த காந்தாரம், ஷட்சுருதி ரிஷபத்தோடு அந்தர காந்தாரம், இதே போல தைவத நிஷாதத்தில் இரண்டு ஜோடி: இவற்றில் ஒன்று இருந்தாலே அந்த மேளம் விவாதி. பாடினால் குடும்பத்துக்கு ஆகாது என்றுகூடச் சொல்லி ஒதுக்கினார்கள். ஆனால் தியாகராஜரின் பஞ்சரத்னம் ஐந்தில் நாட்டையும் வராளியும் விவாதிதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயம் ராகத்தில் இல்லை, ஸ்வரத்தை வைக்கும் இடம் தெரியாததில்தான் இருக்கிறது.

இனி உன் ரிஷபத்துக்கு வருகிறேன். ஜோதிஸ்வரூபிணி 68-ஆவது மேளம். முதல் 36 மேளம் சுத்த மத்தியமம், அதைக் கழித்தால் 32. ஆறு ஆறு மேளமாகப் பிரித்த சக்கரங்களில் அது ஆறாவது சக்கரத்தில் இரண்டாவது. ஆகவே ஷட்சுருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். கீபோர்டில் 1 கட்டையை (C) ஸட்ஜமாக வைத்தால் ரி 2½, க 3, ம 4½, ப 5, த 5½, நி 6½. ஸட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குப் பெரிய தாவல், அங்கிருந்து காந்தாரத்துக்கு அரைக் கட்டைதான். தாவி வந்த குரல் அந்தச் சின்ன இடைவெளியில் நிலைகொள்ளாமல் ரிஷபத்தைக் கீழே இறக்கிவிடும். உன் பதிவில் பாதி இடத்தில் அரைக் கட்டை கீழே உள்ள சதுச்ருதி ரிஷபமே கேட்கிறது.

இதே ரிஷபமும் காந்தாரமும் உள்ள நாட்டையில் இந்தத் தொல்லை பாதிதான். அதில் இறங்கும்போது ச நி ப ம ரி ச, காந்தாரமே வராது. இங்கே க ரி ச என்று நேராக இறங்கியாக வேண்டும்.

அதனால் ரிஷபத்தைக் கீழிருந்து தேடாதே. முதலில் ப த நி ச மட்டும் பாடு. தோடி பாடுகிறவளுக்கு அது சிரமமே இல்லை. அப்புறம் ரிஷபத்தை விட்டுவிட்டு ச க ம ப. காந்தாரம் அசையாமல் நின்ற பிறகு க ரி க, க ரி க என்று மேலிருந்து தொட்டுவிட்டுத் திரும்பு. அது பழகியதும் க ரி ச. ச ரி க கடைசியில்தான். ச ச ரி ரி என்று போகும் ஜண்டை வரிசைக்கு இப்போது போகவே வேண்டாம்.

ரிஷபத்தைப் பெரிதாக அசைத்தால் காதுக்குச் சாதாரண காந்தாரமாகிவிடும், இரண்டுக்கும் ஸ்தானம் ஒன்றுதானே. நேராக, குறுக்கிப் பாடு. பிடியை (ராகத்தின் சிறு சொற்றொடரை) ரிஷபத்தில் முடிக்காதே. காந்தாரத்திலோ பஞ்சமத்திலோ நில். க ரி ச இறங்கும்போது ரி-க்கும் ச-வுக்கும் நடுவே இழைக்காதே. இழைத்தால் வழியில் சதுச்ருதி ரிஷபம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கீபோர்டை ஸ்தானம் தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள், சுருதி சேர்க்க வேண்டாம். தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரைக் கட்டை 100 சென்ட்) கீழே இருக்கும். கீபோர்டோடு பழகினால் தம்புராவை மீட்டியதும் காந்தாரம் உறுத்தும், அதை ஒட்டி நிற்கும் ரிஷபமும் கெடும். கைபேசித் தம்புராவானாலும் மந்தரத்தைத் தூக்கி வைத்து, காந்தாரம் காதில் விழுந்த பிறகு வாயைத் திற.

பாடகர் எஸ். ராஜம் பாடிய பதிவுகளைத் தேடிக் கேள். இந்தக் கிருதிகள் இன்று நம் காதுக்குக் கிடைப்பதில் அவர் பங்கு பெரிது.

இது கைவந்ததும் சலநாட்டையில் ‘ஏதய்யா கதி’ எடு. ரி-க ஜோடி இதேதான், ஆனால் சுத்த மத்தியமம். மேலே த-நியும் விவாதி. அப்புறம் நீதிமதியில் ‘மோகனகர முத்துக்குமரா’: பூர்வாங்கத்தில் (ச முதல் ம வரை) தொல்லை இல்லை, உத்தராங்கத்தில் (ப முதல் மேல் ச வரை) ஷட்சுருதி தைவதமும் காகலி நிஷாதமும். அங்கே தைவதம், நிஷாதம், மேல் ஸட்ஜம் மூன்றும் அரை அரைக் கட்டையில் நெருக்கியடித்து நிற்கும். நிஷாதம் ஸட்ஜத்தோடு போய் ஒட்டப் பார்க்கும், விடாதே. ரசிகப்ரியாவில் ‘அருள் செய்ய வேண்டும்’ எல்லாவற்றுக்கும் பிறகு.

அடுத்த பதிவில் சாகித்தியம் வேண்டாம். க ரி க, க ரி ச மட்டும் சவுக்கமாக (மெதுவாக), ‘ஆ’ என்று அகாரத்தில் பாடி அனுப்பு.

அன்புடன்,
அம்மா